ஆறு ஆறு இலக்கமாக

மன்னார் நகரத்தில், இடம்பெயர்ந்த சனங்களுக்கு உதவுகிற நிறுவனமொன்றின் கந்தோரில் யாகப்பர்தான் கொம்பியூட்டர்களுக்குப் பொறுப்பு. வாலிப வயதில் கொழும்புக்குப் போய், கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் பத்து வருசம் நின்று தொழில் பழகியவர். சிங்களமும் அங்கேதான் அவருடைய வாயில் ஏறியது. கந்தோரில் வேறு ஒருவருக்கும் சிங்களம் சரிவராது. ஆமிக்காரர் வாசலுக்கு வந்தாலும், கொழும்பிலிருந்து லொறிச் சாரதி வந்தாலும் யாகப்பரைத்தான் கூப்பிடுவார்கள். அதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கமும் இருந்தது. கந்தோர் லப்டொப்பில் படங்களைச் சேர்த்து வைப்பார். இரண்டாயிரத்தெட்டாம் ஆண்டு அது. போர் நடந்து, பாதை பூட்டுவதும் திறப்பதுமாக இருந்த காலம். ஆறு மணிக்குப் பிறகு தெருவில் ஆளில்லை. சனம் வீட்டுக்குள்ளே அடைந்து கிடந்து படம் பார்த்தது. யாராவது ஒரு புதுப்படம் கொண்டுவந்தால் யாகப்பர் அதை லப்டொப்பில் ஏற்றி, சொந்தக்காரருக்கும் அயலட்டைக்கும் சீடியில் அடித்துக் கொடுப்பார். மாமா, சித்தப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டு வருவதும் அவருக்குப் பிடித்திருந்தது.

அந்த லப்டொப்பில்தான் குடும்பங்களைத் தேடும் வேலை நடந்தது. யார் யாரைப் பிரிந்தார்கள், கடைசியாக எங்கே கண்டார்கள் என்று பதிந்து, ஊருக்கு ஊர் ஒப்பிட்டுப் பார்க்கிற புரோகிராம் ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்திருந்தது. அது பழைய விண்டோசில்தான் ஓடும். ஆகவே தலைமைக் கந்தோர்க்காரர் லப்டொப்புக்குள்ளேயே இன்னொரு கொம்பியூட்டரை உண்டாக்கி, அதற்குத் தனியாக அந்த விண்டோசைப் போட்டு, அதற்கென்று லைசன்சும் வாங்கி வைத்திருந்தார்கள். வேர்ச்சுவல் மெசின் என்பார்கள். ஒரு வீட்டுக்குள் ஒரு அறையைத் தடுத்து வேறொரு குடும்பத்தைக் குடிவைத்த மாதிரி. வெளியே இருக்கிற வீட்டுக்காரன் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டால், உள்ளே இருக்கிற குடும்பத்துக்கு மூச்சு முட்டும்.

அப்படித்தான் நடந்தது. படங்களால் இடம் நிரம்பிப் போய், ஒருநாள் பதிவு ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அந்த உள் மெசின் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எழும்பவேயில்லை. யாகப்பர் தெரிந்த வித்தை எல்லாம் செய்து பார்த்தார். கோப்பு உடைந்துவிட்டது.

நல்ல காலம், பதிவுகள் போகவில்லை. அது தங்கையா செய்த காரியம். தங்கையா பதிவு ஏற்றுகிறவர், நாற்பது வயது மனிதர், வெள்ளாங்குளத்துப் பக்கம். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலைநாட்டிலிருந்து வந்து அங்கே காடு வெட்டிக் குடியேறிய சனங்களில் ஒருவர். போர் நெருங்க மனைவி பிள்ளையோடு மன்னார்த் தீவுக்கு வந்து, உப்பளத்துக்குப் பின்னால் ஒரு கொட்டிலில் இருந்தார். வேலை முடிந்து போக முன்னர் அன்றைய பதிவைச் சீடியில் எடுத்து வைக்காமல் எழும்பமாட்டார்.

ஆகவே செய்ய வேண்டியது, உள்ளே விண்டோசைத் திரும்பப் போட்டு, பதிவுகளை ஏற்றுவது மட்டுந்தான். யாகப்பர் படங்களை ஒன்றும் விடாமல் அழித்தார். புது மெசின் உண்டாக்கி விண்டோசைப் போட்டார். தங்கையா பக்கத்திலிருந்து பதிவுகளை ஏற்றிக் கொடுத்தார். எல்லாம் ஓடியது. ஆனால் திரையின் மூலையில் ஒரு சின்ன மஞ்சள் குமிழ் வந்து நின்றது. இந்த விண்டோஸ் இன்னும் பதிவு செய்யப்படவில்லை, இத்தனை நாளுக்குள் செய்யுங்கள் என்றது. இன்ரநெற்றில் முயன்றால், இந்த லைசன்ஸ் முன்னரே பாவித்தாயிற்று, தொலைபேசியில் கூப்பிடுங்கள் என்றது.

திங்கட்கிழமை தலைமைக் கந்தோரிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. அந்தக் குமிழைக் கண்டால் ஏன் திரும்பப் போட்டாய் என்று கேட்பான். கேட்டால் படக்கதை வெளியே வரும். கந்தோர்ப் பொறுப்பாளர் றோஸ்மேரி மிஸ் அவரை மலைபோல நம்பியிருந்தா. கந்தோர்த் தொலைபேசியோ அவவின் மேசையில்தான் இருந்தது.

"பசாருக்குப் போய் எடுப்பம், தங்கையா. நீங்களும் வாங்கோ. இலக்கத்தை வாசிக்க ஒரு ஆள் வேணும்," என்றார் யாகப்பர்.

திரையில் வந்த இலக்கங்களைத் தங்கையா தன் கையால் ஒரு தாளில் எழுதினார். ஆறு ஆறு இலக்கமாக ஒன்பது கூட்டம். அதைத் தொலைபேசியில் சொன்னால், மறுபக்கத்திலிருந்து வேறு இலக்கங்கள் சொல்வார்கள். அதைக் கொண்டுவந்து அடித்தால் குமிழ் போய்விடும்.

பசாரில், காசுக்குக் கோல் எடுக்கிற ஆதம்பாவா காக்காவின் கொமினிக்கேசனில் பின்னேரம் கூட்டமில்லை. வெளியே வெயிலுக்குக் கழுதைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றன. எல்லாரும் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிற அவர் எருக்கலம்பிட்டிக்காரர். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது எல்லாரையும்போல வெறுங்கையோடு புத்தளம் போய், சமாதான காலத்தில் திரும்பிவந்து கடை போட்டவர். கதிரை ஒன்றை இழுத்துக் கொடுத்து, லைன் இன்றைக்குப் பரவாயில்லை என்றார்.

லைன் கிடைத்தது. தங்கையா தாளைப் பிடித்து மெதுவாக வாசிக்க, யாகப்பர் அதை ஆங்கிலத்தில் உரத்துச் சொன்னார். மறுபக்கத்துப் பெண் ஒவ்வொரு கூட்டத்தையும் திரும்பச் சொல்லிச் சரிபார்த்தாள். நாலாவது கூட்டம் போய்க்கொண்டிருக்கும்போது வீட்டுக்குக் கோல் எடுக்கவென்று ஒரு ஆமிக்காரப் பொடியன் கடைக்குள் வந்தான். அவன் வாசலிலேயே நின்றுவிட்டான். இரண்டு தமிழர். ஒருவர் தாளைப் பார்த்து இலக்கம் சொல்கிறார், மற்றவர் அதைத் தொலைபேசியில் யாருக்கோ ஒப்புவிக்கிறார். அவன் ஒன்றும் பேசாமல் வெளியே போனான். திரும்பி வரும்போது அவனோடு மூன்று பேர் இருந்தார்கள்.

தொலைபேசியைப் பறித்துக் காதில் வைத்த சார்ஜன்ற் அதில் ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல் கேட்டதும் இன்னும் சந்தேகப்பட்டான். தாளைத் தங்கையாவின் கையிலிருந்து இழுத்தான். இருவருடைய அடையாள அட்டையும் பார்த்தான். யாகப்பரின் அட்டையில் மன்னார் நகரம். தங்கையாவின் அட்டையில் வெள்ளாங்குளம், புலிகளின் கையில் இருந்த இடம். அந்த ஊரின் பெயரை அவன் இரண்டு தரம் வாசித்தான்.

"இது யாருடையது? யாருக்காக எடுக்கிறீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டான்.

யாகப்பர் எத்தனையோ தரம் இப்படியான கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். கொம்பியூட்டருக்கு லைசன்ஸ் எடுக்கிறோம், என்னுடைய வேலை, இவர் எனக்கு உதவிக்கு வந்தவர். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் துவக்கின் வாய் தன் நெஞ்சுப் பக்கம் இருப்பதைக் கண்டார். அடுத்த கணம் அவருடைய வாய் சரளமாகச் சிங்களம் பேசியது.

"எனக்குத் தெரியாது ஐயா. அவனுடைய தாள். அவனுக்கு ஆங்கிலம் வராது என்று என்னைக் கூப்பிட்டான். நான் வாசித்ததை மட்டும் சொன்னேன்."

அவன் என்றுதான் சொன்னார். எப்போதும் அவர் என்று மரியாதையோடு சொல்கிற ஆளை.

தங்கையா இருவரின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். தோளில் கைபோட்டு அவரை வெளியே தள்ளியபோது ஒரு தரம் திரும்பினார். வாகனம் போனது. யாகப்பரின் அட்டையைச் சார்ஜன்ற் மேசையில் எறிந்துவிட்டுப் போயிருந்தான்.

ஆதம்பாவா காக்கா கதிரையை எடுத்து இருந்த இடத்தில் வைத்தார். பன்னிரண்டு வருசம் புத்தளத்தில் இருந்தவருக்குச் சிங்களம் விளங்காமல் போகுமா?

"யாகப்பர், அந்த மனுசனுக்குப் பிள்ளை இருக்கா?" என்று கேட்டார்.

யாகப்பர் அட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினார். கால் நடந்ததே தவிர, எந்தப் பக்கத்தால் வீட்டுக்கு வந்தார் என்று அவருக்குத் தெரியாது.

வீட்டில் மனைவி மதலேனாவிடம், தங்கையாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று மட்டும் சொன்னார். அவ நெஞ்சில் சிலுவை போட்டா. கொஞ்ச நேரத்தில் தங்கையாவின் மனைவி தனலெட்சுமி வந்துவிட்டாள். யாரோ பசாரில் சொல்லியிருக்கிறார்கள். நாலு வயதுப் பெண்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊரடங்குக்கு முன் திரும்ப வேண்டுமே என்று மூச்சு வாங்க ஓடிவந்திருந்தாள். அழவில்லை. நீங்கள் கூட நின்றீங்களாமே, என்ன கேட்டவங்கள், எங்கே கொண்டுபோனவங்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியாக,

"உங்களுக்குச் சிங்களம் தெரியும்தானே அண்ணை. நீங்கள் சொல்லேல்லையோ?" என்றாள்.

"சொல்லிப் பார்த்தனான் பிள்ளை. அவங்கள் கேக்கேல்ல," என்றார் யாகப்பர்.

தனலெட்சுமி தலையை ஆட்டினாள். உங்களுக்கும் கரைச்சல் வந்திருக்கும், பாவம் என்றாள். மதலேனா பாணும் பருப்பும் கட்டிக் கொடுத்து அனுப்பினா. பயத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டேன் என்று முதல் பொய்க்கு ஒரு சாட்டாவது சொல்லலாம். இரண்டாவது பொய்யைத் தன் சொந்த வீட்டு வாசலில், துவக்கு ஒன்றும் இல்லாத இடத்தில் சொன்னார். அதற்கு எந்தச் சாட்டும் இல்லை. அன்றைக்குச் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழும்பினார். மதலேனா, கூட வேலை செய்த ஆள் என்றால் மனம் நோகும்தானே என்று ஆறுதல் சொன்னா. அந்த ஆறுதலைக் கேட்க அவருக்குக் கூசியது.

விடிந்ததும் கந்தோர் திறக்கும்வரை வாசலில் நின்றார். றோஸ்மேரி மிஸ் வந்ததும், விண்டோஸ் திரும்பப் போட்டதையும் லைசன்ஸ் கோலையும் சொன்னார். படங்களைச் சொல்லவில்லை. கடையில் தான் சொன்னதையும் சொல்லவில்லை. லப்டொப்பை ஆமி முகாமுக்குக் கொண்டுபோய்க் காட்டினால் விடுவார்கள் என்று மட்டும் சொன்னார். மிஸ் மறுபேச்சுப் பேசவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு தானும் வந்தா.

முகாமில் நெடுநேரம் இருத்திவைத்த பிறகு ஒரு கப்டன் கூப்பிட்டான். முப்பது வயது இருக்காது. லப்டொப்பைத் திறந்தபோது அவன் கண்கள் அதில் போன விதத்திலேயே அவனுக்கு இந்த வேலை கொஞ்சம் தெரியும் என்று யாகப்பருக்கு விளங்கியது. வேர்ச்சுவல் மெசினைத் திறந்து, மஞ்சள் குமிழைக் காட்டி, தொலைபேசி இலக்கத்தைக் காட்டி, திரையில் நின்ற இலக்கங்களைக் காட்டினார். கப்டன் மேசை லாச்சியிலிருந்து தங்கையாவின் தாளை எடுத்து விரித்தான். ஒவ்வொரு கூட்டமாக ஒப்பிட்டான். எல்லாம் ஒன்றுதான்.

வெளியே ஆள் அனுப்பினான். தங்கையாவைக் கொண்டுவந்து கதவடியில் நிற்கவைத்தார்கள். அவருடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் இல்லை. வலக்கையை இடக்கையால் தாங்கிப் பிடித்திருந்தார்.

"அப்படியென்றால் இது உன்னுடைய வேலை," என்றான் கப்டன்.

"ஓம் ஐயா. என்னுடைய வேலை. அவர் நான் சொன்னதை எழுதினவர்."

"நேற்று என்னுடைய ஆட்களுக்கு நீ அப்படிச் சொல்லவில்லையே."

றோஸ்மேரி மிஸ் சிங்களம் விளங்காமல் புன்னகையை முகத்தில் பிடித்துக்கொண்டு இருந்தா. தங்கையா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவர்கள் இருவருக்கும் விளங்காது என்பது யாகப்பருக்கு அந்த நேரத்தில் ஒரு பெரிய உதவியாக இருந்தது. அதை உதவி என்று நினைத்ததற்கே பிறகு நெடுநாள் வெட்கப்பட்டார்.

"பயத்தில் பொய் சொன்னேன் ஐயா."

கப்டன் அவரை மேலும் கீழும் பார்த்தான். திட்டவில்லை. "அவனும் பயந்துதான் இருந்தான். யார் இதைச் செய்யச் சொன்னது என்று எத்தனையோ தரம் கேட்டோம். கந்தோர் வேலை என்றான். உன்னுடைய பெயரை எடுக்கவில்லை," என்றான்.

பிறகு தானே தொலைபேசியை எடுத்தான். மறுபக்கத்தில் ஆங்கிலத்தில் பேசிய பெண்ணிடம், திரையைப் பார்த்து ஆறு ஆறு இலக்கமாகத் தானே வாசித்தான். அவள் சொன்ன இலக்கங்களை உரத்துச் சொல்ல, யாகப்பர் அடித்தார். ஒரு கூட்டம் பிழைத்து, திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. குமிழ் போனது. கப்டனுக்கு அதில் ஒரு சந்தோசம்கூட வந்தது போலிருந்தது. தங்கையாவைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னான்.

அன்றிலிருந்துதான் யாகப்பருக்கு நரகம். றோஸ்மேரி மிஸ் கந்தோர் முழுக்கச் சொன்னா, முகாமுக்குள்ளே லப்டொப்போடு போய் ஆளை மீட்டுக்கொண்டு வந்தவர் என்று. ஞாயிறு பூசை முடிய பங்குச் சுவாமி கையைப் பிடித்துக் குலுக்கினார். திங்கட்கிழமை வந்த கொழும்பு ஆள், மெசினைப் பார்த்து, நன்றாகப் பராமரிக்கிறீங்கள் என்றான். தனலெட்சுமி பிள்ளையோடு வந்து, மதலேனா தடுக்கத் தடுக்க, வாசலில் வைத்துக் கைகூப்பிக் கும்பிட்டாள். பிறகு தெருவில் கண்ட இடத்திலும் கும்பிட்டாள். யாகப்பர் அவளைத் தூரத்தில் கண்டால் ஒழுங்கை மாறிப் போகத் தொடங்கினார். ஆதம்பாவா காக்காவின் கடைப் பக்கம் போகவேயில்லை.

தங்கையா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இடக்கையால் பதிவு ஏற்றினார். அண்ணை என்று முன்னர்போலவே கூப்பிட்டார். நன்றி என்றும் சொல்லவில்லை.

ஒருநாள் தேத்தண்ணி நேரம், பின் விறாந்தையில் தங்கையா தனியே இருக்கக் கண்டு யாகப்பர் போனார். மனதுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தார். எல்லாம் மறந்துபோனது.

"தங்கையா, அண்டைக்குக் கடையில அவங்கள் கேட்டதுக்கு நான் என்ன சொன்னனான் எண்டு…"

"எனக்குச் சிங்களம் தெரியும் அண்ணை."

யாகப்பர் பக்கத்து வாங்கில் குந்தினார்.

தங்கையா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து பத்து வயதுவரை அங்கேதான் இருந்தாராம். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குக் கீழே சிங்கள ஊர். விளையாடியதெல்லாம் அந்தப் பிள்ளைகளோடு. வெள்ளாங்குளத்துக்கு வந்த பிறகு அந்தப் பாசையை ஒருவருக்கும் காட்டவில்லை. அங்கே தெரியும் என்றால் புலிகள் சந்தேகப்படுவார்கள். இங்கே தெரியும் என்றால் ஆமிக்காரர் சந்தேகப்படுவார்கள். பெண்சாதிக்கே தெரியாது.

"கடையில சொன்னதும் விளங்கினது. முகாமில சொன்னதும் விளங்கினது," என்றார்.

"அப்ப ஏன் என்னட்ட ஒண்டும் கேக்கேல்ல?"

"கேட்டு? உங்களோட பகைச்சுக்கொண்டு நான் எங்க போறது அண்ணை? இந்த ஊரில எங்களுக்கு ஆர் இருக்கு? வேலையும் உங்களுக்குக் கீழதான்."

மன்னித்துவிட்டேன் என்றால் யாகப்பர் அழுதிருப்பார். ஏசியிருந்தால் தலைகுனிந்து வாங்கியிருப்பார். அந்த மனிதர் பொறுத்துக்கொண்டது மன்னிப்பினால் இல்லை, போக வேறிடம் இல்லாததால் என்று அறிந்தபோது, தான் கடையில் நின்று அவரைக் காட்டிக்கொடுக்க எது துணிவு தந்ததோ அதுவும் இதுதான் என்று அவருக்கு விளங்கியது. கேட்க நாதியில்லாத ஆள். பசாரில் துவக்கைக் கண்ட அந்த ஒரு கணத்தில்கூட அவருடைய மனம் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறது.

"ஒண்டு மட்டும் செய்யுங்கோ," என்றார் தங்கையா. "அவ உங்களைக் கும்பிடுறதை நிப்பாட்டுங்கோ. என்னால பார்க்கேலாமக் கிடக்கு. நான் சொன்னா, வந்து உங்கட வாசலில மண் அள்ளித் தூத்துவா. நீங்களே சொல்லுங்கோ."

அன்று பின்னேரமே யாகப்பர் உப்பளத்துக்குப் பின்னால் போனார். காற்று அள்ளிக்கொண்டு போனது. தனலெட்சுமி கொட்டிலுக்கு வெளியே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கண்டதும் எழும்பிக் கைகூப்பப் போனாள். வேண்டாம் பிள்ளை என்று தடுத்து, நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னார். படத்திலிருந்து தொடங்கினார். கடையில் சொன்னதைச் சொன்னார். தன் வீட்டு வாசலில் அவளிடம் சொன்ன பொய்யையும் சொன்னார்.

தனலெட்சுமி கையிலிருந்த சுளகை மெல்லக் கீழே வைத்தாள். மண்ணை அள்ளவில்லை.

"அவருக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

அவள் குனிந்து, சிதறிக் கிடந்த அரிசியைக் கூட்டி அள்ளிச் சுளகில் போட்டாள். கொட்டிலுக்குள் பிள்ளை எதையோ உருட்டி விளையாடுகிற சத்தம் கேட்டது. யாகப்பருக்குப் போவதா நிற்பதா என்று தெரியவில்லை.

"இவர் வேலைக்குப் போற வழியில ரெண்டு ஆமிச் சென்றி இருக்கு," என்றாள் கடைசியில். "வெள்ளாங்குளம் எண்டு கண்டதும் ஒவ்வொரு நாளும் மறிக்கிறாங்கள். இனி நீங்கள் காலமை வந்து கூட்டிக்கொண்டு போய், பின்னேரம் கூட்டிக்கொண்டு வந்து விடவேணும். தனிய விடாதேங்கோ."

அண்ணை என்று சொல்லவில்லை. கெஞ்சவும் இல்லை. யாகப்பர் ஓம் என்றார்.

அடுத்த நாள் கந்தோரில் றோஸ்மேரி மிஸ்ஸிடமும் சொன்னார். மிஸ் கேட்டுவிட்டு, லப்டொப் வைக்கிற அலுமாரியின் சாவியை அவரிடமிருந்து வாங்கித் தங்கையாவிடம் கொடுத்தா. அதற்குப் பிறகு அவருடைய பெயரை யாரிடமும் பெருமையாக எடுக்கவில்லை. மதலேனாவிடம் சொல்வதற்கு இன்னும் கனநாள் பிடித்தது.

மழை வந்து, காற்று மாறி, சண்டை வெள்ளாங்குளத்தைக் கடந்து வடக்கே போன பிறகும் யாகப்பர் காலையில் சைக்கிளோடு உப்பளத்துக்குப் பின்னால் போய் நின்றார். இருவரும் உருட்டிக்கொண்டு நடப்பார்கள். பேச்சு அதிகம் இராது. சென்றியில் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, இவன் யார் என்று ஆமிக்காரன் சிங்களத்தில் கேட்பான். தங்கையா ஒன்றும் விளங்காத முகத்தோடு நிற்பார். என்னோடு வேலை செய்கிறவர், நல்ல மனிதர், நான் பொறுப்பு என்று யாகப்பர் சொல்வார். பக்கத்தில் நிற்கிற ஆள் ஒவ்வொரு சொல்லையும் கேட்டு விளங்கிக்கொண்டிருக்கிறார் என்று அவருக்குத் தெரியும்.